வேதியியல் ஆசிரியரும் நல்லாசிரியர் விருதும்: அன்றும் இன்றும்

நல்லாசிரியருக்கான தேசிய விருதை இந்திய அரசு 1958இல் தொடங்கியது. ஒரு பள்ளி ஆசிரியரின் பெயர் டெல்லி வரை போக வேண்டுமானால் அன்று முதலில் தலைமையாசிரியர் மனம் வைக்க வேண்டும். பிறகு மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாநிலக் கல்வித் துறை என்று கோப்பு ஒவ்வொரு மேசையாகத் தாண்ட வேண்டும். 2018இல் அந்த ஏற்பாடு மாறியது. இப்போது ஆசிரியரே இணையதளத்தில் தம் பெயரைப் பதிந்து, தாம் செய்தவற்றைத் தாமே எழுதி, புகைப்படம், காணொளி, ஆவணங்களை இணைத்து விண்ணப்பிக்கிறார். மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசிய நடுவர் குழு என மூன்று படிகளில் பரிசீலனை நடக்கிறது. முன்பு நாடு முழுவதும் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் இந்த விருதைப் பெற்றார்கள். இன்று பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ 50 பேர் பெறுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு வருவது ஒன்றோ இரண்டோதான். விருதோடு 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் சான்றிதழும் தருகிறார்கள்.

மாநில அரசு தரும் நல்லாசிரியர் விருது டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரில் இருக்கிறது. அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். 1962இல் குடியரசுத் தலைவரான பிறகுதான் அவர் பிறந்த செப்டம்பர் 5 ஆசிரியர் தினமானது. மாநில விருதுக்கு 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் உண்டு. தேசிய விருதைவிடப் பல மடங்கு பேருக்கு இது கிடைப்பதால், ஊர்ப்பக்கம் 'நல்லாசிரியர்' என்றால் பெரும்பாலும் இதை வாங்கியவரையே சொல்வார்கள்.

இரண்டிலும் பாடவாரியான பிரிவு கிடையாது. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் தொடக்கப் பள்ளி ஆசிரியரும் வேதியியல் ஆசிரியரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நான் எழுத வந்தது அந்த வரிசையில் கடைசியாகச் சொன்னவரைப் பற்றி. அவருடைய வேலையில் பாதி வகுப்பறைக்கு வெளியே, ஆய்வகத்தில் நடக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் விருதும் மாறியிருக்கிறது, ஆய்வகமும் மாறியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு திசையில் போய்விட்டன என்பதுதான் என் கவலை.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. அதுவரை பதினொரு ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கல்லூரிக்குப் போய் பி.யு.சி. படித்தார்கள். பிப்பெட்டையும் பியூரெட்டையும் பெரும்பாலானோர் கையில் எடுத்தது அங்கேதான். பிளஸ் டூ வந்ததும் அந்தப் பொறுப்பு உயர்நிலைப் பள்ளிகளின் தலையில் வந்து விழுந்தது. ஓட்டுக் கட்டடங்களில் கூட ஒரு நீண்ட அறையை ஒதுக்கி, சிமெண்டு மேடை கட்டி, தண்ணீர்க் குழாய் இழுத்து, மரத் தாங்கிகளில் சீசாக்களை அடுக்கினார்கள். வேதியியலில் முதுகலை முடித்து வந்த இளைஞர்கள் அந்த அறைகளுக்கு ஆசிரியரானார்கள். நான் அரசுப் பள்ளியில் படித்தபோது எங்களுக்கு வாய்த்தவர் அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர்.

பொதுத்தேர்வில் அப்போது வேதியியலுக்கு 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. வாரத்தில் ஒரு நாள் தொடர்ந்து இரண்டு பிரிவேளை லேப் உண்டு. ஒரு மேசைக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு பியூரெட். அங்கே முதலில் கற்றது வாயால் உறிஞ்சுவது. பிப்பெட்டின் நுனியைத் திரவத்தில் ஆழமாக வைத்து, கண்ணைக் கோட்டின் மேல் வைத்து உறிஞ்ச வேண்டும். கோட்டைத் தாண்டியதும் சட்டென்று ஆள்காட்டி விரலால் மூட வேண்டும். நுனி மேலே வந்துவிட்டால் காற்று புகுந்து அமிலம் வாய்க்குள் வரும். வகுப்பில் ஓரிருவருக்காவது அப்படி வந்தது. ஓடிப்போய்க் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சினோம். இன்று எந்த ஆசிரியரும் இதை அனுமதிக்கக் கூடாது. பிப்பெட்டின் தலையில் ஒரு ரப்பர்க் குமிழ் வந்துவிட்டது. வாய்க்கும் அமிலத்துக்கும் இருந்த உறவு முடிந்தது, நல்லது.

அந்த ஆசிரியர் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலைச் சொல்லிக்கொடுத்த விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. கூம்புக் குடுவையில் 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம். கையால் தொட முடியாத சூடு வரும் வரை ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். பியூரெட்டில் அடர் ஊதாவாகப் பெர்மாங்கனேட் நிற்கும். மற்றக் கரைசல்களுக்கு வளைவின் அடிமட்டத்தைப் பார்க்கும் நாங்கள் இதற்கு மட்டும் மேல்மட்டத்தைப் பார்க்க வேண்டும். நிறத்தின் அடர்த்தியில் அடிமட்டம் தெரியாது. முதல் துளி விழுந்ததும் இளஞ்சிவப்பு குடுவையில் அப்படியே தங்கும். ஆட்டிக்கொண்டே இருந்தால் மெதுவாக மறையும். இரண்டாவது துளி கொஞ்சம் வேகமாக மறையும். பத்தாவது துளியிலிருந்து விழுந்த இடத்திலேயே நிறம் போய்விடும். ஏன் என்று கேட்பார். யாருக்கும் தெரியாது. அவரும் உடனே சொல்ல மாட்டார். இன்னொரு குடுவையில் முதலிலேயே ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட்டைப் போட்டுத் துளியை விடச் சொல்வார். இந்த முறை முதல் துளியே நிற்காமல் மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை வேகப்படுத்துகிறது என்பதை நாங்களாகவே கண்டுபிடித்ததுபோல் எங்களை உணரவைத்தார். பாடப்புத்தகத்தில் தன் வினைவேகமாற்றம் என்று இரண்டு வரியில் முடியும் விஷயம் அது. அன்றைய இரண்டு பிரிவேளையும் அதற்கே போனது.

உப்புப் பகுப்பாய்வு இதைவிட நீளம். காகிதப் பொட்டலத்தில் ஒரு தேக்கரண்டி 'சால்ட்' தருவார்கள். நிறம் பார்த்து, முகர்ந்து, உலர் சோதனைக் குழாயில் சூடாக்கி, பிளாட்டினக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டி, பிறகு கரைசல் தயாரிக்க வேண்டும். சுடர் செங்கல் சிவப்பானால் கால்சியம், ஆப்பிள் பச்சையானால் பேரியம். நைட்ரேட் இருந்தால் சோதனைக் குழாயின் ஓரமாகக் கந்தக அமிலத்தை வழியவிடும்போது இரண்டு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் எழும். கைகள் நடுங்கினால் வளையம் கலைந்துவிடும். தொகுதி தொகுதியாகப் பிரிக்க ஹைட்ரஜன் சல்பைடு வாயு வேண்டும். அறையின் மூலையில் கிப் சாதனம் இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் பள்ளி முழுவதும் பரவும். லேப் நாளில் பக்கத்து வகுப்பு ஜன்னல்களைச் சாத்திக்கொள்வார்கள். சோதனைகளின் முடிவில் உப்பின் பெயரைச் சொன்னால் ஆசிரியர் தலையை அசைப்பார் அல்லது திரும்பப் போகச் சொல்வார். எது தவறு என்று சொல்ல மாட்டார். ஒரு படிமுறையில் எங்கே பிழைத்தோம் என்று தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்த அசையாத தலையால்தான்.

அந்த ஆய்வகத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயு. காற்றுப் போக்கி இல்லாத அறைகளில் நாங்கள் அதைச் சுவாசித்தோம். சூடாக்கும்போது வைத்த கம்பி வலையின் நடுவில் கல்நார் இருந்தது. டைகுரோமேட்டை வெறுங்கையால் அள்ளினோம். கண்ணாடிக் கவசம் என்ற ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. பல பள்ளிகளில் ஆய்வகமே இருக்கவில்லை. தேர்வுக்கு முன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். நான் சொன்ன ஆசிரியர் போன்றவர்கள் அபூர்வம். சோதனையின் விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்பச் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள்.

இன்று மதிப்பெண் கணக்கு வேறு. 1200க்கு இருந்த மேல்நிலைத் தேர்வு 600ஆகக் குறைந்தபின் வேதியியலுக்கு 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. முன்பு நான்கில் ஒரு பங்காக இருந்த செய்முறை இப்போது ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் குறைவு பெரிதல்ல. பெரிதாக மாறியது பள்ளிக்கு வெளியே. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு முன்பே இருந்தது, பிறகு 2006–07 வாக்கில் நீக்கப்பட்டது. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தது. அதில் வேதியியலுக்கு 45 கேள்விகள், 180 மதிப்பெண். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரு நிமிடம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிப்பெட்டைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வேடிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வருத்தம் என்றே சொல்கிறேன்: 2024 நீட் பாடத்திட்டத்தில் செய்முறை வேதியியலின் அடிப்படைகள் என்ற அலகு சேர்ந்தது. தரம்பார்த்தலில் எந்த நிறம் முடிவுநிலை என்பது இப்போது ஒரு கொள்குறிக் கேள்வி. அந்த நிறத்தை ஒரு துளியில் தவறவிட்டு மறுபடி தொடங்கிய பிள்ளைக்கும், அதைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைக்கும் அங்கே ஒரே நான்கு மதிப்பெண்.

இதன் விளைவைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன். மாணவர் நாளின் பெரும்பகுதி பயிற்சித் தாள்களுக்குப் போகிறது. லேப் பிரிவேளையை எழுத்துப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய சில வாரங்களில் எல்லாச் சோதனைகளையும் ஓட்டிவிடுகிறார்கள். கிப் சாதனம் பீரோவின் மேல் ஏறிவிட்டது. மெய்நிகர் ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. திரையில் ஒரு பியூரெட்டைத் திறந்தால் குடுவையில் நிறம் மாறும், அளவு தானாக விழும். ஆய்வகமே இல்லாத பள்ளிக்கு அது வரம். ஆனால் திரையில் முதல் துளி தங்குவதில்லை. தங்குமாறு யாராவது நிரல் எழுதியிருந்தால்தான் தங்கும். எழுதாத எதையும் மாணவர் அங்கே தற்செயலாகக் காண முடியாது.

கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 2018–19இல் தொடங்கி வந்த புதிய மேல்நிலைப் பாடநூல்கள் முந்தையவற்றைவிட ஆழமானவை; விரைவுக் குறியீட்டை அலைபேசியில் காட்டினால் விளக்கப் படம் ஓடுகிறது. அரசுப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் எளிய சோதனைப் பொருள்களைக் கொடுக்கிறது. பிளஸ் டூவில்தான் முதல் சோதனைக் குழாயைத் தொட்டோம் நாங்கள். இவர்கள் ஐந்தாறு ஆண்டு முந்திக்கொண்டார்கள். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின், எத்தனையோ கிராமத்து வீடுகளில் முதல் மருத்துவர் உருவாகிறார். அவர்களைத் தயார்செய்யும் வேதியியல் ஆசிரியர் மாலை ஆறு மணி வரை பள்ளியில் இருக்கிறார். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை.

இனி விருதுக்கு வருகிறேன். பழைய முறையில் பெரும் குறை ஒன்று இருந்தது. அதிகாரியின் கண்ணில் பட்டவருக்கே பதக்கம். தலைமையாசிரியருக்கு வேண்டாதவராக இருந்தால், அல்லது அலுவலகம் பக்கமே போகாதவராக இருந்தால், அவர் பெயர் எங்கும் போகாது. எங்கள் ஆசிரியர் இரண்டாவது வகை. ஓய்வுபெறும் வரை எந்த விருதும் அவருக்கு வரவில்லை. சிபாரிசு பற்றிய பேச்சு ஒவ்வொரு செப்டம்பரிலும் எழும். தன் பெயரைத் தானே பதியலாம் என்ற புதிய ஏற்பாடு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. கடைக்கோடிக் கிராமத்து ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். தனிப்பயிற்சி நடத்துவோருக்கு இடமில்லை என்பதும் சரியான விதி.

ஆனால் இந்தக் கதவுக்குள் நுழைய வேறு திறமை வேண்டும். தேசிய விருதுக்கான மதிப்பீட்டில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி செயல்பாட்டுக்கு. புதுமையான கற்பித்தல், தொழில்நுட்பப் பயன்பாடு, சமூகத்தை ஈடுபடுத்தியது என அது விரிகிறது. ஒவ்வொன்றுக்கும் சான்று காட்ட வேண்டும், சான்று என்றால் பெரும்பாலும் படம். பாடலாக மாறிய தனிம வரிசை அட்டவணை படத்தில் நன்றாக வரும். வண்ணம் பூசிய வகுப்பறையும் வரும். இளஞ்சிவப்புத் துளி மறையும் இடைவெளியில் ஆசிரியர் பதில் சொல்லாமல் காத்திருந்தது எந்தப் படத்திலும் வராது. தலையை அசைக்காமல் மாணவியைத் திரும்ப அனுப்பியதற்கு என்ன ஆவணம் இணைப்பார்? அன்று தம்மைப் பற்றிப் பேசத் தெரியாதவரை அதிகாரி கண்டுகொள்ளவில்லை. இன்று அவரைக் கோப்பு கண்டுகொள்வதில்லை.

வேறு நாடுகளில் வேதியியல் கற்பித்தலுக்கென்றே தனி விருதுகள் உண்டு. அமெரிக்க வேதியியல் சங்கம் உயர்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியருக்கு ஆண்டுதோறும் தரும் விருது ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட் பெயரில் இருக்கிறது. அவர் கரிம வேதியியலர். 1933 முதல் 1953 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர். பின்னாளில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவர். அதே சங்கத்தின் வேதியியல் கல்வி விருதை முதலில் நிறுவியது ஆய்வுக்கருவி தயாரிப்பாளர்களின் சங்கம். பின்னர் அதற்கு ஜார்ஜ் பிமென்டெல் பெயரை வைத்தார்கள். வேதி லேசரைக் கண்டுபிடித்த அவர், பள்ளிப் பிள்ளைகள் சோதனையிலிருந்து வேதியியலுக்குள் வர வேண்டும் என்று 1960களில் ஒரு பாடத்திட்டத்தையே உருவாக்க உழைத்தார். பிரிட்டனின் அரச வேதியியல் கழகம் தந்துவந்த ஒரு கல்விப் பரிசு ரொனால்டு நைஹோம் பெயரில் இருந்தது. ஆராய்ச்சியில் முன்நின்ற அந்த ஆஸ்திரேலியர் பள்ளிப் பாடத்தைச் சீர்திருத்தவும் அதே அக்கறையோடு முன்வந்தார். பாடம் தெரிந்தவர்களே பாடம் நடத்துவோரை மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் அங்கே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் தேர்வுக் குழுவில் வேதியியல் படித்தவர் ஒருவர் இருப்பது தற்செயல்.

பாடவாரியாக விருதைப் பிரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிப் பிரித்தால் தொடக்கப் பள்ளி ஆசிரியர் எங்கே நிற்பார்? என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்திலும் இருப்புப் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு. எத்தனை பியூரெட் வந்தது, எத்தனை உடைந்தது, பெர்மாங்கனேட் எத்தனை கிராம் வாங்கி எத்தனை செலவானது என்பதெல்லாம் அதில் ஏறும். அன்றைய ஆசிரியர்களுக்கு அந்த நோட்டு ஒரு தலைவலி. உடைந்த குழாய்க்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயத்தில் பீரோவைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். எங்கள் ஆசிரியர் திறந்தவர். உடைந்ததற்கான காசை மாணவர்களிடம் வாங்காமல் தாமே கட்டியது பின்னாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த நோட்டை விருதுக் குழு கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டில் ஒரு சோதனைக் குழாயும் உடையாத ஆய்வகத்தில் யாரும் எதையும் செய்து பார்க்கவில்லை. அமிலம் தீர்ந்து மறுபடி வாங்கிய பள்ளியில் பிள்ளைகளின் கைகள் பழகியிருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் ஒரு லேப் பிரிவேளையில் அறையின் ஓரத்தில் குழு உட்கார வேண்டும். ஒரு பிள்ளை தவறான அளவைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் வரும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும், காணொளி தேவையில்லை.

மாவட்டத் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் இதை இப்போதே செய்யலாம். விதி மாற வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வேதியியல் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் ஒன்று: இந்த ஆண்டு விண்ணப்பம் திறக்கும்போது கூச்சப்படாமல் பதியுங்கள். புகைப்படங்களோடு உங்கள் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டின் பக்கங்களையும் நகலெடுத்து இணைத்துவிடுங்கள்.